மஞ்சள் கடுதாசி கொடுக்குமுன்: கடன் நிவாரணம் பற்றி ஒரு பாடம்

காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரி பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் நீரை நம்பி நிற்பது. ஆறு வந்த ஆண்டில் கழனி விளையும். கழனி விளைந்தால் துணியும் விலை போகும். ஆறு வராத ஆண்டில் உழவரும் நெசவாளரும் ஒன்றாகவே தவிப்பர். அத்தகைய ஆண்டுகளில் நமது சங்கங்களின் கடன் ஏடுகளில் ‘தவணை தவறிய பாக்கி’ என்னும் பத்தி நீண்டுகொண்டே போகும். அவ்வேளையில்தான் கடைத்தெருவிலும் தறிக்கூடத்திலும் ஒரு சொல் காதோடு காதாக நடமாடத் தொடங்கும். ‘மஞ்சள் கடுதாசி’ என்பதே அச்சொல்.

கடன் தீர்க்க வகையற்றவர் கோர்ட்டில் மனுச் செய்து, தம்மை நொடித்தவர் என்று தீர்க்கும்படி கேட்டுக்கொள்வதையே நம் பக்கத்து மக்கள் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்றும் ‘ஐ.பி. கொடுத்தல்’ என்றும் வழங்குகின்றனர். இதனை ஏமாற்றுக்காரரின் தந்திரம் என்று ஒரு சாரார் இகழ்கின்றனர். எல்லாக் கடனையும் ஒரே நாளில் அழித்துவிடும் மந்திரம் என்று மற்றொரு சாரார் நம்புகின்றனர். இரண்டும் தவறு. அது சட்டம் தந்த ஒரு நிவாரணம், நேர்மையாளருக்கென்று ஏற்பட்டது. ஆனால் அதற்கு விலை உண்டு. அவ்விலையில் ஒரு பகுதியை நம்மை நம்பி ஜாமீன் கையெழுத்திட்ட அயலார் கொடுக்க நேரிடும். இதனை நமது அங்கத்தினர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு நெசவாளரின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் கையில் ஒரு நோட்டீசுடன் என் முன் வந்து நின்றார். “ஐயா, நான் ஒரு பைசா வாங்கவில்லை. தம்பி கேட்டான் என்று கையெழுத்துப் போட்டேன். அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான். சங்கம் என்னைக் கட்டச் சொல்கிறது. இது நியாயமா?” என்று கேட்டார்.

அவர் ‘தம்பி’ என்று சொன்னது அடுத்த வீட்டுக் கைத்தறி நெசவாளரை. அந்த நெசவாளர் நாணயம் தவறியவர் என்றே நானும் முதலில் எண்ணினேன். ஏட்டைப் புரட்டிப் பார்த்த பின்னர் என் எண்ணம் மாறியது. ஐந்து ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் கட்டியவர் அவர். மனைவியின் நீண்ட நோய்க்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. நூல் விலை ஏறியது. கைமாற்றுக்கு மேல் கைமாற்றாகப் புரோநோட்டுகள் பெருகின. கடைசியில் கோர்ட்டு வாசலில் மனு எழுதித் தருபவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, தமக்கிருந்த ஒரே காலிமனையை மைத்துனர் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி வைத்துவிட்டு, அதன் பின் மனுக் கொடுத்தார்.

அவருடைய கணக்கை முழு எண்களில் இங்கே தருகிறேன். சங்கத்திற்கு 60,000 ரூபாய்; இதற்கு ஜாமீன்தாரர் இருவர். புரோநோட்டுக் கடன் 1,40,000 ரூபாய். நூல் வியாபாரிக்கு 20,000 ரூபாய். இவையன்றி, நகையை அடகு வைத்து வாங்கியது 45,000 ரூபாய். சொத்து என்று சொல்லத்தக்கது சுமார் 80,000 ரூபாய் பெறுமான மனையும், இரண்டு தறிகளும், வீட்டுப் பாத்திர பண்டங்களுமே. இக்கணக்கை வைத்துக்கொண்டு சட்டத்தைக் கற்போம்.

எந்தச் சட்டம்?

சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் இராஜதானி நகர நொடிப்புச் சட்டம் உண்டு. மற்ற இடங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். ஆகவே காவேரிப்பாக்கத்தார், வாலாஜாப்பேட்டையார், குடியாத்தத்தார், ஆம்பூரார் யாவர்க்கும் பின்னதே பொருந்தும்.

2016-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நொடிப்பு பற்றிப் புதிய சட்டத் தொகுப்பு ஒன்றை இயற்றிற்று. மிக வறியவர்க்கு ‘புதிய தொடக்கம்’ என்று ஒரு வழியும் அதில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், தள்ளுபடிக்குரிய கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருப்பவர்க்கென அது வகுக்கப்பட்டது. ஆயினும் தனிநபர்களைப் பற்றிய அப்பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் வரைக்குமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ‘புதிய சட்டப்படி உன் கடனை அழித்துத் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று எவரேனும் வந்தால், இதனை நினைவிற் கொள்க.

யார் மனுச் செய்யலாம்?

கடனைத் தீர்க்க இயலாதவராக இருத்தல் வேண்டும் என்பதே முதல் தகுதி. அதனோடு பின்வரும் மூன்றில் ஒன்றேனும் பொருந்த வேண்டும்.

ஒன்று: கடன் மொத்தம் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருத்தல். 1920-இல் இது பெருந்தொகை; இக்காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கடனாளியும் இதனுள் அடங்குவர்.

இரண்டு: பணத் தீர்ப்பு ஒன்றை நிறைவேற்றும் பொருட்டு மனுதாரர் கைது செய்யப்பட்டோ சிறை வைக்கப்பட்டோ இருத்தல்.

மூன்று: அத்தகைய தீர்ப்பின்படி அவர் சொத்தின்மீது ஜப்தி உத்தரவு நிலுவையில் இருத்தல்.

மனுவை மாவட்ட நீதிமன்றத்திலோ, இதற்கென அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லையை நோக்கித் தாக்கல் செய்தல் வேண்டும். கடன் கொடுத்தவரும் கடனாளியின்மீது இத்தகைய மனுக் கொடுக்கலாம். அதற்கு நிபந்தனைகள் வேறு.

மனுவில் இருக்க வேண்டியவை யாவை? எல்லாக் கடன்களின் தொகையும் விவரமும், கடன் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரும் இருப்பிடமும், எல்லாச் சொத்துக்களின் பட்டியலும் மதிப்பும், அவை இருக்கும் இடமும், அவற்றைக் கோர்ட்டின் வசம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற வாக்குமூலமும், முன்னர் எப்போதேனும் இத்தகைய மனுக் கொடுத்ததுண்டா என்ற விவரமும் இருத்தல் வேண்டும். ‘எல்லா’ என்னும் சொல்லைக் கவனிக்க. உறவினரிடம் வாங்கிய கைமாற்றை வெட்கத்தால் மறைப்பதும், சீட்டுப் பாக்கியை மறந்துவிடுவதும் பின்னால் தொல்லை தரும். ஜாமீன்தாரரின் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நாளை நமக்காக அவர் பணம் கட்டினால் அவரும் நமக்குக் கடன் கொடுத்தவரே.

மூன்று படிகள்

மனுக் கொடுத்த அன்றே கடன் ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் படிகள் மூன்று.

முதற்படி மனு. இரண்டாம் படி, மனுதாரர் நொடித்தவர் என்று கோர்ட்டு தீர்ப்பது. அன்றுமுதல் அவர் சொத்து கோர்ட்டின் வசமோ ரிசீவர் வசமோ ஆகிவிடும். கோர்ட்டின் அனுமதியின்றிக் கடன்காரர் எவரும் அவர்மீது தனி நடவடிக்கை எடுத்தல் கூடாது. கைதிலிருந்து காக்கும் பாதுகாப்பு உத்தரவையும் அவர் கேட்டுப் பெறலாம். மூன்றாம் படிதான் விடுதலை உத்தரவு. தீர்ப்பளிக்கும்போதே, இவ்வளவு காலத்திற்குள் விடுதலை கோரி மனுச் செய்ய வேண்டும் என்று கோர்ட்டு ஒரு கெடு விதிக்கும். அக்கெடுவிற்குள் மனுச் செய்யாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால், தீர்ப்பே ரத்தாகக்கூடும். அவ்வாறு ரத்தான பின் மீண்டும் மனுச் செய்ய வேண்டுமாயின், கோர்ட்டின் தனி அனுமதி பெற வேண்டும்.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலுள்ள காலம் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம். அக்காலத்தில் பாட்டனார் சொத்து பங்காக வந்தாலும் அது ரிசீவரைச் சேரும். தாம் நொடித்தவர் என்பதைச் சொல்லாமல் எவரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. கடையில் வைக்கும் பற்றும் கடன்தான் என்பதை மறக்கலாகாது.

எதைப் பறிக்க இயலாது?

‘தறியைத் தூக்கிப் போய்விடுவார்கள்’ என்ற அச்சமே நெசவாளரைப் பல தவறுகளுக்குத் தள்ளுகிறது. இவ்வச்சம் வேண்டுவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தி செய்தல் கூடாது என்று கூறுகிறதோ, அவை நொடிப்பிலும் ரிசீவரிடம் போகமாட்டா. உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் பிரியலாகாத தாலி முதலிய அணிகள், கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். உழவராயின், பிழைப்புக்கு வேண்டிய ஏர்க்கருவிகளும் மாடுகளும் விதைத் தானியமும், அவர் குடியிருக்கும் சொந்த வீடும் அவ்வாறே. இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடும் கூடங்களில் உழைக்கும் கூலித் தொழிலாளரின் கூலிக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

நமது நெசவாளரின் தறிகள் இரண்டும் அவருடைய தொழிற்கருவிகள். இந்த உண்மையை எவரேனும் ஒருவர் முன்னரே அவருக்குச் சொல்லியிருந்தால், அவர் அச்சம் பாதி நீங்கியிருக்கும்.

சிறை பற்றிய அச்சமும் அவ்வாறே. 2,000 ரூபாய்க்கு மேற்படாத பணத் தீர்ப்புக்காக எவரையும் சிறையில் வைத்தல் கூடாது. அதற்கு மேல் 5,000 ரூபாய் வரை ஆறு வாரமும், அதனினும் மேற்பட்டால் மூன்று மாதமுமே உச்ச அளவு. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்தல் அறவே கூடாது. வறுமையால் கட்ட முடியாதவரை, அக்காரணம் ஒன்றுக்காகவே சிறையில் தள்ளலாகாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்திற்று. வைத்துக்கொண்டே கொடுக்க மறுப்பவர் நிலை வேறு.

எவை நீங்கா?

விடுதலை உத்தரவு பெற்றாலும் சில கடன்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்குக் கோர்ட்டு உத்தரவின்படி தர வேண்டிய ஜீவனாம்சம் ஆகியவை அத்தகையன.

ஈடு பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையும் குறையாது. நகையை அடகு பிடித்தவர் நகையை விற்றும், நிலத்தை அடமானம் பெற்றவர் நிலத்தை விற்றும் தம் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நமது நெசவாளரின் 45,000 ரூபாய் நகைக் கடனுக்கு மஞ்சள் கடுதாசியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது, ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை என்பது. கடனாளியின் விடுதலை கடனாளிக்கு மட்டுமே. கூட்டாகக் கையெழுத்திட்டவரும், ஜாமீன் நின்றவரும் முன்போலவே பொறுப்பாளிகள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஈடில்லாத கடன் மொத்தம் 2,20,000 ரூபாய். மனை 80,000 ரூபாய்க்கு விலை போய், செலவுக்கு 8,000 போக, 72,000 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு ஏறக்குறைய 33 பைசா வீதம் பங்கு கிடைக்கும். சங்கத்தின் 60,000 ரூபாய்க்கு வருவது 19,600 ரூபாய்ச் சுமார். மிச்சம் 40,000 ரூபாயைக் கட்ட வேண்டியவர்கள் ஜாமீன்தாரர் இருவரே. தலைக்கு 20,000 ரூபாய். நோட்டீசுடன் என் முன் நின்ற முதியவருக்கு, “நியாயமா என்று கேட்கிறீர்கள், சட்டப்படி நீங்கள் கட்டத்தான் வேண்டும்” என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வளவு கசப்பான விடையை என் உத்தியோகத்தில் அதிகம் சொன்னதில்லை.

மூன்று தவறுகள்

நமது நெசவாளர் செய்த தவறுகள் மூன்று. மூன்றும் அச்சத்தாலும் வெட்கத்தாலும் விளைந்தவை.

முதலாவது, மனையை மைத்துனருக்கு எழுதி வைத்தது. நொடிப்பு மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள், உரிய விலை பெறாமல் செய்த சொத்து மாற்றத்தை ரிசீவர் கேட்டுக்கொண்டால் கோர்ட்டு ரத்துச் செய்யலாம். அவ்வாறே ஆயிற்று. பத்திரச் செலவும் பதிவுச் செலவும் வீணாயின. மைத்துனரும் கோர்ட்டு ஏறினார். சொத்தை மறைப்பது குற்றமாகவும் ஆகக்கூடும். அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இரண்டாவது, மனுவுக்குச் சில வாரங்களுக்கு முன், கூச்சலிட்ட ஒரு கடன்காரருக்கு மட்டும் கையிலிருந்த பணத்தை முழுதும் கொடுத்தது. மனுவுக்கு முந்திய மூன்று மாதங்களுக்குள் ஒருவரை மற்றவரினும் மேலாக வைத்துக் கொடுத்ததும் செல்லாததாகும். எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை.

மூன்றாவது, சங்கத்திற்கும் ஜாமீன்தாரருக்கும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது. இது சட்டத்தில் குற்றமன்று. எனினும் மற்ற இரண்டினும் இதுவே பெரிய சேதம் விளைத்தது என்பேன். முன்னரே சொல்லியிருந்தால், நிர்வாகக் குழு தவணையை மாற்றியமைக்கும் வழியை ஆராய்ந்திருக்கும். ஜாமீன்தாரரும் நோட்டீசைக் கண்டு திடுக்கிட்டிருக்கமாட்டார்.

விடுதலை வழங்குமுன் கோர்ட்டு இன்னொன்றையும் பார்க்கும். சொத்தின் மதிப்பு ஈடில்லாக் கடனில் பாதிக்குக் குறைவாக இருந்தால், அந்நிலை தம் குற்றத்தால் விளைந்ததன்று என்று மனுதாரர் காட்ட வேண்டும். இவருக்குப் பாதி என்பது 1,10,000; சொத்தோ 80,000. ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் நூல் வாங்கிய பில்களும் அங்கே உதவும். சூதாட்டம், ஊதாரிச் செலவு, திருப்பித் தர வழியில்லை என்று தெரிந்தே வாங்கிய கடன், கணக்கு வைக்காமை ஆகியன எதிராக நிற்கும். மனைவியின் நோயை எடுத்துக்காட்டி எளிதில் விடுதலை பெற்றிருக்கக்கூடிய இந்த மனிதருக்கு, மனையைப் பற்றிய பத்திரமே தடைக்கல்லாயிற்று. விடுதலை நெடுநாள் தள்ளிப்போயிற்று.

தள்ளுபடி வேறு, நொடிப்பு வேறு

அங்கத்தினர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். நொடிப்பு நிவாரணம் ஒருவரின் எல்லாக் கடனையும் பற்றியது, கோர்ட்டு வழங்குவது. தள்ளுபடி என்பது குறிப்பிட்ட வகைக் கடனுக்கு அரசாங்கம் செய்யும் உதவி. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் ஒரு நாள் வரம்பும், ஓர் அளவு வரம்பும், விலக்குப் பட்டியலும் உண்டு.

பழைய உதாரணம் 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். இராஜாஜி பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் அது வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முற்பட்ட கடன்களின்மீது 1937 அக்டோபர் 1-இல் நின்ற வட்டிப் பாக்கி முழுதும் நீக்கப்பட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் முழுதுமே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. ஆனால் ‘விவசாயி’ என்ற இலக்கணத்திற்குள் வருபவர்க்கே அச்சலுகை.

அண்மைய உதாரணங்களும் அவ்வாறே. 2008-இல் மத்திய அரசின் திட்டம் இரண்டு ஹெக்டேர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடியும், மற்றவர்க்கு முக்கால் பங்கு கட்டினால் கால் பங்குச் சலுகையும் தந்தது. 2016-இல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி சிறு, குறு விவசாயிகளுக்கே. அவ்வாண்டு மார்ச் 31-இல் நின்ற பாக்கிக்கே. 2021-இல் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடிக்கு ஜனவரி 31 நாள் வரம்பாயிற்று. அதே ஆண்டின் நகைக்கடன் தள்ளுபடி, மார்ச் 31 வரை பெற்ற, குடும்பத்திற்கு ஐந்து சவரனுக்கு உட்பட்ட கடனுக்கு என்று வகுக்கப்பட்டது. பரிசீலனையில் பல இலட்சம் பேர் தகுதியற்றவர் என்று விலக்கப்பட்டனர்.

இவற்றிலிருந்து கற்க வேண்டியது யாதெனில், வராத தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது என்பதே. வந்தாலும் நாம் அதன் வரம்புக்குள் வருவோம் என்பதற்கு உறுதியில்லை. வட்டியோ நாள்தோறும் ஏறும்.

வேறு வழிகள்

நொடிப்பு மனு கடைசி வழியாக இருத்தல் நலம். அதற்கு முன் பார்க்கத்தக்கவை சில உண்டு.

சங்கத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்துத் தவணை மாற்றம் கோரலாம். எல்லாக் கடன்காரரையும் ஓரிடத்தில் கூட்டிச் சமரசம் பேசலாம். நொடிப்பு வழக்கு நடக்கும்போதுகூட, கடன்காரருள் பெரும்பான்மையோரும், கடன் மதிப்பில் முக்கால் பங்கினரும் ஒப்பினால், கோர்ட்டின் அங்கீகாரத்துடன் சமரச ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில் கோர்ட்டுக் கட்டணமின்றித் தீர்வு பெறலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர்க்கு இலவச வக்கீல் உதவியும் அச்சட்டத்தில் உண்டு.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய கொடுமைக்கு ஆளானவர்க்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. அவ்வட்டி வாங்குவது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நியாயமாகத் தர வேண்டிய தொகையைக் கோர்ட்டில் கட்டி மனுச் செய்யவும் அச்சட்டம் வழி வகுத்துள்ளது. இத்தகைய கடனுக்கு அஞ்சி மஞ்சள் கடுதாசி கொடுக்க ஓடுமுன், இவ்வழியை வக்கீலிடம் கேட்டறிக.

சங்கத்தின் கடமை

இதுகாறும் அங்கத்தினருக்குக் கூறினேன். நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு சொல். சங்கக் கடன் அரசாங்கக் கடன் அன்று. கடனாளி விடுதலை பெற்றால் அவரைப் பொறுத்தவரை சங்கக் கடனும் நீங்கும். ஜாமீன்தாரரும் தர இயலாது போனால், நஷ்டம் நம் எல்லாருடைய பங்குத் தொகையிலும் விழும். ஆகவே ரிசீவர் நோட்டீசு வந்தவுடன், கெடுவுக்குள் சங்கத்தின் கடனை ஆதாரத்துடன் பதிவு செய்தல் செயலாளரின் நீங்காக் கடமை. ஜாமீன் கையெழுத்து வாங்கும்போதே, ‘இவர் தராவிடில் நீர் தர வேண்டும், இவர் நொடித்தாலும் நீர் தர வேண்டும்’ என்று வாய்விட்டுப் படித்துக் காட்டுதல் வேண்டும். அவ்வாறு படித்துக் காட்டும் சங்கங்கள் சிலவே. மேற்சொன்ன முதியவருக்கு எவரும் படித்துக் காட்டவில்லை.

அன்றியும், இரண்டு தவணை தவறிய உடனேயே அங்கத்தினரின் வீட்டுக்கு ஒருவர் சென்று காரணம் விசாரித்தல் நல்லது. நோட்டீசு அனுப்புவது எளிது, விசாரிப்பது கூட்டுறவு. ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் ஏன் நிறுத்தினார் என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால், மனைவியின் நோய் அன்றே தெரிந்திருக்கும்.

முதியவர் தம் பங்கைச் சிறு தவணைகளில் கட்டி முடித்தார். நெசவாளர் விடுதலை பெற்ற பின், சட்டப்படி தம்மைக் கேட்க எவருக்கும் உரிமை இல்லாதிருந்தும், தாம் நெய்த கூலியில் மாதந்தோறும் ஒரு தொகையை அம்முதியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறார் என்று பின்னர் அறிந்தேன். முதல் மாதம் முதியவர் வாங்க மறுத்தாராம். வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாராம்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குச் சில கேள்விகள்

1. நொடிப்பு மனு, நொடிப்புத் தீர்ப்பு, விடுதலை உத்தரவு ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. நெசவாளர் ஒருவருக்கு இரண்டு தறிகளும், அடகில் உள்ள நகையும், ஒரு மனையும் உள்ளன. இவற்றுள் ரிசீவருக்குப் போவது எது? போகாதது எது? காரணம் கூறுக.

3. நமது சங்கத்தில் ஜாமீன் பெறும்போது ஜாமீன்தாரருக்கு அவர் பொறுப்பு விளக்கப்படுகிறதா? இல்லையெனில் அடுத்த கூட்டத்தில் என்ன தீர்மானம் செய்யலாம்?

4. தவணை தவறிய அங்கத்தினரைச் சங்கத்தின் சார்பில் சென்று காண்பதற்கு நம்முள் யார் ஒப்புக்கொள்வார்?